மல்லுக்கு நிற்கும் மாணவனும் நாமும்

வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவராத ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம், "வெளியே போய் நில்" என்கிறோம். அவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். "சொன்னது காதில் விழவில்லையா?" என்று கேட்டால், "போக மாட்டேன் சார்" என்கிறான். அந்த நொடியில் நோட்டு மறந்துபோகிறது. இனி யார் சொல் நிற்கும் என்பதுதான் கேள்வி. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் எழுந்து போனால் இடைவேளையில் நண்பர்களே கேலி செய்வார்கள். நாம் விட்டுக்கொடுத்தால் வகுப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்று நமக்கும் பயம்.

வியன்னாவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ், அடங்காத பிள்ளைகளின் நோக்கங்களை நான்காகப் பிரித்தார்: கவனத்தை ஈர்ப்பது, அதிகாரத்தைக் காட்டுவது, பழிவாங்குவது, தன்னால் முடியாது என்று ஒதுங்கிக்கொள்வது. இவற்றுள் எது என்று அறிய, நம் மனத்தில் எழும் உணர்வையே கவனிக்கச் சொன்னார். வெறும் எரிச்சல் என்றால் பிள்ளை கவனத்தைத் தேடுகிறது. 'என்னையே எதிர்க்கிறானா' என்று கோபம் பொங்கினால் அது அதிகாரப் போட்டி. எல்லாப் பிள்ளைகளும் இந்த நான்குக்குள் அடங்கிவிட மாட்டார்கள். காலையில் சாப்பிடாமல் வந்தவனும் முரண்டு பிடிப்பான். காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்குத்தானே! ஆனாலும் கோபம் தலைக்கேறும்போது 'நானும் போட்டியில் இறங்கிவிட்டேன்' என்று உணர இந்த அடையாளம் உதவுகிறது.

போட்டியில் நாமே சாவியை அவன் கையில் கொடுத்துவிடுவதும் உண்டு. "நீ வெளியே போகும்வரை பாடம் நடத்த மாட்டேன்" என்றால், பாடம் நடப்பதும் நடக்காததும் இனி அவன் விருப்பம். நம்மால் நிறைவேற்ற முடியாததைச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

அதற்குப் பதில் அவன் பெஞ்சுக்கு அருகில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இப்போது தாளில் எழுதித் தருகிறாயா, மதிய இடைவேளையில் எழுதுகிறாயா?" என்று கேட்கலாம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் நமக்குச் சம்மதமாக இருக்க வேண்டும். "எழுதுகிறாயா, தலைமை ஆசிரியரிடம் போகிறாயா?" என்பது மிரட்டல்தான், அதில் தேர்வு எங்கே இருக்கிறது? கேட்டுவிட்டு அங்கேயே நிற்காமல் கரும்பலகைக்குத் திரும்பிவிட வேண்டும். தலைமேல் நின்றால் பேனாவை எடுப்பதே தோல்வி என்று அவனுக்குத் தோன்றும். நாம் நகர்ந்தபின், இரண்டு நிமிடம் கழித்து, முணுமுணுத்துக்கொண்டே எடுப்பான். அந்த முணுமுணுப்பு நம் காதில் விழ வேண்டியதில்லை.

"அவன் ஜெயித்துவிட்டான் என்று மற்றவர்கள் நினைக்க மாட்டார்களா?" என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. ஒரு பிள்ளையைத் திருத்தும்போது பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் மழலையர் வகுப்புகளில் ஆராய்ந்தார். என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் தெளிவாகச் சொன்னபோது மற்ற பிள்ளைகளும் ஒழுங்குக்கு வந்தனர். கடுமை காட்டியபோதோ அவர்களுக்குப் படபடப்புத்தான் கூடியது.

பிரம்பு போனதும் பிடி போய்விட்டது என்ற வருத்தம் ஆசிரியர் அறைகளில் இன்றும் கேட்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. வகுப்பின் முன் நிறுத்திக் கேலி பேசுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நமக்கே தெரியும். "அப்பாவைக் கூட்டி வா" என்பதிலும் யோசனை வேண்டும். தினக்கூலிக்குப் போகும் அப்பாவின் ஒருநாள் கூலி போகும். அந்தக் கோபம் இரவில் பிள்ளையின் முதுகில் இறங்கலாம்.

"மணி அடித்ததும் பேசுவோம்" என்று தள்ளிவைத்தால், அன்றே பேசிவிட வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த முறை அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது. மாணவனோ மாணவியோ, எல்லார் கண்ணிலும் படும் வராந்தாவில், பேச்சு மட்டும் பிறர் காதில் விழாத தூரத்தில் நின்று பேசலாம். 'ஏன் எழுதவில்லை' என்பதைவிட 'எந்தக் கணக்கில் நின்றுவிட்டாய்' என்று கேட்டால் பதில் வரும்.

நடந்ததை ஆசிரியர் அறையில் சொல்லிப் புலம்புவதையும் தள்ளிப்போடலாம். அதைக் கேட்ட அடுத்த பாடவேளை ஆசிரியர், வகுப்புக்குள் நுழையும்போதே கடைசி பெஞ்சில் அவனைத் தேடுவார்.