புற்றுநோயும் நித்திரையும்

நோய்களுள் கொடியது புற்றுநோய் என்பர். அந்நோய் தரும் துன்பங்களுள் பிறர் கண்ணுக்குப் புலப்படாதது நித்திரையின்மையாகும். கட்டியைப் பற்றியும் கதிர் சிகிச்சையைப் பற்றியும் வைத்தியரிடம் விரிவாய்ப் பேசுவோர், இராமுழுதும் விழித்துக் கிடப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. வியாதியோடு வந்தது வியாதியோடு போகட்டும் என்று பொறுத்திருக்கின்றனர். இப்பொறுமை வீண் என்பதே நமது அபிப்பிராயம்.

உறக்கம் கெடுவதற்குக் காரணங்கள் பல. வலி ஒன்று, மனக்கலக்கம் மற்றொன்று. சிகிச்சையோடு கொடுக்கப்படும் ஸ்டிராய்டு மருந்து தூக்கத்தை விரட்டும். மார்பகப் புற்றுநோய்க்குரிய ஹார்மோன் சிகிச்சை நள்ளிரவில் தேகத்தைத் தகிக்கச் செய்யும். இவற்றோடு நமது அன்பும் சேர்ந்துகொள்கிறது! வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தவுடன், அசையாமல் படுத்திருக்கும்படி உற்றார் உறவினர் யாவரும் உபதேசிக்கின்றனர். பகலெல்லாம் கண்ணயர்ந்தவருக்கு இரவில் தூக்கம் எங்கிருந்து வரும்? பகல் வெளிச்சமும் அவயவங்களின் உழைப்புமே தேகத்தினுள் உள்ள கடிகாரத்தை ஒழுங்காய் நடத்துகின்றன. உழைப்பு நின்றால் தசை மெலியும். தசை மெலிந்தால் அசதி பெருகும். அசதி மீண்டும் படுக்கைக்கே இழுக்கும்.

இதற்குப் பரிகாரம் அளவான தேகப்பயிற்சி. அமெரிக்காவில் ராச்செஸ்டர் சர்வகலாசாலையார் தலைமையில், சிகிச்சை முடிந்தும் தூக்கம் கெட்டிருந்த 410 பேரிடம் நடத்திய பரிசோதனை 2013-ல் வெளியாயிற்று. வாரம் இருமுறை, முறைக்கு 75 நிமிஷம் வீதம், 4 வாரம் ஆசனமும் பிராணாயாமமும் தியானமும் பயின்றவர்கள் மற்றவரினும் நன்றாகத் தூங்கினர். தூக்க மருந்தையும் குறைத்தனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மார்பகப் புற்றுநோயினின்று மீண்ட 90 ஸ்திரீகளிடம் நடத்திய பரிசோதனை 2017-ல் வெளியாயிற்று. சீன தேசத்துத் தாய்சி பயிற்சி, தூக்கமின்மைக்கென்றே வகுத்த மனோதத்துவ சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒப்பான பலன் தந்தது. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் நடப்பதும் உறக்கத்திற்கு உதவும் என்று பல தேசத்து நிபுணர்கள் 2019-ல் யோசனை கூறினர்.

ஆசனமும் பிராணாயாமமும் எந்நாட்டுச் செல்வம்? அவற்றின் பயனை அந்நியர் அளந்து காட்டிய பின்னும் நம் நோயாளர் விழித்துக் கிடப்பானேன்?

மதுரை பாலரெங்கபுரத்துச் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஏழை விவசாயிகள் வருகின்றனர். இவர்களுக்கு நடை ஒரு காசும் செலவில்லாத மருந்து. நகரத்தார்க்கு வண்டியூர்த் தெப்பக்குளக் கரையுண்டு, கிராமத்தார்க்குக் கண்மாய்க்கரையுண்டு. நமது சமவெளியின் வெய்யில் கடுமையானது. ஆகையால் விடியலிலோ அந்தியிலோ நடப்பதே தக்கது. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

ஆயினும் எச்சரிக்கை அவசியம். எலும்பில் நோய் பரவியவர்களும், ஜுரம், கடும் ரத்தக்குறைவு, மூச்சுத்திணறல் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது. வலியால் உறங்காதவருக்கு முதலில் வலியைத் தீர்க்க வேண்டும். பயிற்சி சிகிச்சைக்குத் துணையேயன்றி மாற்றன்று.

டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியது. பொதுஜன ஊழியரின் உறுதி யாது சாதிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. இன்று நாம் கேட்பது மிகச் சிறிது. புற்றுநோய் வார்டுள்ள ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும், தூக்கம் எப்படி என்று நோயாளியைத் தவறாமல் விசாரிக்க வேண்டும். பயிற்சி கற்பிக்க ஒருவரும், நடக்க நிழலுள்ள பாதையும் வேண்டும். தேசத்தொண்டில் ஈடுபட்ட வாலிபர்கள் தத்தம் தெருவிலுள்ள நோயாளிக்கு நாள்தோறும் அரைமணி நேரம் வழித்துணையாகச் செல்லலாகாதா? 1930-ல் தண்டிக்கும் வேதாரண்யத்திற்கும் நடந்தே சென்று ஒரு சாம்ராஜ்யத்தை அசைத்த தேசம் இது. துன்புறும் சகோதரன் ஒருவன் இரவில் கண்மூடுவதற்காக நாலு தெரு நடப்பது நமக்குப் பாரமாகுமா?