நகை மூழ்காமல் இருக்க...

அடகு வைத்த சங்கிலி யாருடையது? “கடன் கொடுத்தவருடையது, பணம் கட்டினால்தான் நமக்கு” என்று எண்ணுகிறவர்கள் நம்மில் அநேகம் பேர். சகோதரிகளே, அது உங்களுடையதேதான்! கடன் தீரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே அவருக்கு. ஈட்டுக் கடனின் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், மலைமேல் நாடு நாடாகப் பிரிந்த ஊர்கள். அவற்றில் ஒன்று ஆலத்தூர் நாடு. மிளகும் காப்பியும் விளையும் மலை இது. இரண்டும் காசாவது வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஆனால், பள்ளிக்கூடச் சம்பளமும் வைத்தியச் செலவும் அறுவடைக்காகக் காத்திருக்குமா? அப்போது உதவுவது கழுத்தில் உள்ளதுதான்.

எவ்வளவு கிடைக்கும்? ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வகுத்த விதிகளை, வங்கிகளும் நகைக்கடன் நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் கைக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. அவற்றின்படி, வீட்டுச் செலவுக்கான கடன் 2½ லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 100-க்கு 85 ரூபாய் வரை தரலாம். 5 லட்சம் வரை 80. அதற்கு மேல் 75.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 20 கிராம் அட்டிகை. அதில் கல் மட்டும் 2 கிராம். கல்லுக்கு மதிப்பில்லை. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 கிராமுக்கு 1,80,000. அதில் 100-க்கு 85 என்றால் 1,53,000. ஆனால் முதலையும் வட்டியையும் கடைசியில் ஒரே தொகையாகக் கட்டும் கடனாயிருந்தால், வட்டியும் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். வருஷ வட்டி 10 சதவிகிதமானால், கைக்கு வருவது சுமார் 1,39,000 தான்!

அடுத்தது, தவணை. இந்த வகைக் கடனுக்கு 12 மாதம்தான் கெடு. மிளகு விற்ற பணம் கையிலிருக்கும் சமயத்தில் கெடு வந்தால் நகை வீடு திரும்பும். அந்தப் பணம் செலவாகி நாலு மாதம் கழித்து வந்தால்? அதே நகை, அதே வட்டி. ஆனால் கதை வேறாகிவிடும். பட்டணத்துக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். போனஸ் எப்போது, சீட்டுப் பணம் எப்போது என்று பார்த்தே நாள் குறியுங்கள்.

கெடு தவறினால் அன்றே நகை மூழ்கிவிடுமா? மூழ்காது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, விற்குமுன் உங்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். விற்பனை நடந்து முடியும்வரை, பாக்கியையும் தாமதத்தால் ஏற்பட்ட செலவையும் கட்டி நகையை மீட்கலாம். விற்ற தொகையில் கடன் போக மிஞ்சியது உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

கடனை முழுவதும் கட்டியபின், 7 வேலை நாட்களுக்குள் நகை கைக்கு வர வேண்டும். கடன் கொடுத்தவரால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி.

இன்னொன்று. நகை உங்களுடையது, அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது? கணவர் பெயரில், அண்ணன் பெயரில் என்று விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கியவர் கையில்தான் நகை திரும்பக் கொடுக்கப்படும். எடையும் மாற்றும் உங்கள் கண்ணெதிரே பார்க்கப்படட்டும். அந்த விவரங்களும் சீட்டில் இருக்கட்டும்.

பயிர்ச் செலவுக்கென்றால், நகையைத் தொடுமுன் வங்கியில் விசாரியுங்கள். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி கிடைத்த பட்டா மலைவாசிகளிடம் இருந்தால், அது வாரிசுக்குப் போகுமே தவிர, விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. அதை ஈடாகக் கேட்டு யாராவது வந்தால், ஜாக்கிரதை!

ஆபத்துக்கு உதவத்தான் நகை. அடகு வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. மீட்கும் நாளை முதலில் தீர்மானித்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள்.