முதியோர் வலி: மருத்துவமனையோடு நிற்கும் திட்டங்கள்

புது தில்லி: எழுபது வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை இலவச சிகிச்சை அளிக்கும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் 29-ல் விரிவாக்கப்பட்டது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே இத்தொகை கிடைக்கும். முதியோரை அன்றாடம் வருத்தும் மூட்டு வலிக்கும், முதுகு வலிக்கும், சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கும் யாரும் மருத்துவமனையில் படுத்துக்கொள்வதில்லை. அவை வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.38 கோடி பேர். வயதானால் வலி இருக்கத்தான் செய்யும் என்ற எண்ணம் குடும்பங்களில் மட்டுமல்ல, சில மருத்துவர்களிடமும் வேரூன்றியுள்ளது.

நாள்பட்ட வலியை முற்றிலும் நீக்குவது பல நேரங்களில் இயலாது. ஆனால், வலியோடு நடமாட வழி செய்ய முடியும். வலிக்கு அஞ்சி நடப்பதையே நிறுத்திவிடும்போது தசைகள் வலுவிழந்து, மூட்டுகள் இறுகி, வலி மேலும் கூடுகிறது. நாற்காலியில் அமர்ந்தபடி காலை நேராக நீட்டிச் சில விநாடிகள் நிறுத்தும் எளிய பயிற்சிகூட முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்கு வலுவூட்டும். தரையில் அமர்ந்து காய்கறி நறுக்குவதை மேசைக்கு மாற்றுவது, கழிப்பறையில் கைப்பிடி பொருத்துவது, வேலைகளை இடைவெளி விட்டுச் செய்வது ஆகியவற்றுக்குப் பெரும் செலவில்லை. வட இந்தியக் குளிரில் வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும் என்றாலும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளம் ஏற்படும் ஆபத்து உண்டு.

மருந்துக் கடைகளில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் மிகவும் கவலைக்குரியது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவற்றைத் தொடர்ந்து உட்கொண்டால் முதியோருக்கு வயிற்றில் ரத்தக் கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம். ரத்த அழுத்தமும் உயரலாம். இந்த டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட கால்நடைகளின் சடலங்களைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததால்தான், கால்நடைகளுக்கு அம்மருந்து 2006-ல் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்குத் தடையில்லை, மருத்துவரின் மேற்பார்வை தேவை என்பதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

மத்திய அரசிடம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2010-11-ல் தொடங்கிய முதியோர் நலத் தேசியத் திட்டம் மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கைகள், பிசியோதெரபி வசதி, நடமாட இயலாதோருக்கு வீடு தேடிச் சிகிச்சை என அனைத்தையும் வகுத்துள்ளது. ஆனால், பிசியோதெரபிக்கு வாரம் இருமுறை மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வறிய முதியவரால் இயலுமா? தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் ரூ.200 மட்டுமே. மாநில அரசுகள் சேர்த்துத் தரும் தொகையும் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது.

வீட்டுப் பராமரிப்புச் சேவை நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் பிரிவுகளுடன், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. நிலைக்குழு ஆய்வு செய்து அறிக்கையும் அளித்தது. எனினும் மசோதா நிறைவேறாமலேயே 17-வது மக்களவையுடன் காலாவதியானது. முதியோர் நலனில் அக்கறை காட்டாத கட்சி எதுவும் அவையில் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஓரளவு பயன் தருவது 2017 ஏப்ரலில் நெல்லூரில் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம். வறிய முதியோருக்கு ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி ஆகியவற்றுடன் பின்னர் முழங்கால் பட்டை, இடுப்புப் பட்டை போன்றவையும் இதில் சேர்க்கப்பட்டன. கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் முகாம்கள் நடத்தி இவற்றை வழங்குகிறது. பெற்றுக்கொண்ட பிறகு அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் அறிய வேண்டும். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடித்தால்தான் மூட்டின் மீதான பாரம் குறையும். பலரும் வலிக்கும் பக்கமே ஊன்றி நடக்கின்றனர். உயரம் பொருந்தாத கோலால் தோள்வலியும் சேர்ந்துகொள்கிறது. அளவு பார்த்துக் கொடுத்து, நடக்கப் பழக்கிவிட அரை மணி நேரம் போதும்.