மகள் அளித்த தீர்ப்பு

1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளித் திருநாளன்று, தமிழ்நாட்டுப் படமாளிகைகளில் 'நாயகன்' திரையிடப்பட்டது. அதே நாளில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்து, நோயாளரையும் வைத்தியரையும் தாதியரையும் சுட்டு வீழ்த்தினர். சட்டத்தின் காவல் அற்றுப்போன இடத்தில் மனிதன் எவரை அண்டிப் பிழைக்கிறான் என்பதே அந்தப் படத்தின் விஷயமாதலால், வாடகைக்கு எடுத்த டெக்கிலும் பலமுறை ஓடித் தேய்ந்த வீடியோக் கொப்பியிலும் அதனைக் கண்ட ஏறாவூர்வாசிகளாலும் மட்டக்களப்பு வாவிக்கரையின் ஏனைய ஊரவர்களாலும், அதை எங்கோ இருக்கும் பம்பாயின் கதையென்று ஒதுக்கிவிட்டு எழுந்து செல்ல இயலவில்லை.

கதை யாவரும் அறிந்ததே. தொழிற்சங்கத் தலைவரான தந்தையைப் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த சிறுவன் வேலு, தன்னை ஏமாற்றிய பொலிஸ்காரனைக் குத்திவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து தப்பிப் பம்பாயை அடைகிறான். தாராவிச் சேரியில் ஹுசைன் பாய் என்னும் ஏழை முஸ்லிம் அவனை எடுத்து வளர்க்கிறார். அவரைச் சிறையில் வைத்துக் கொன்ற கேல்கர் என்ற அதிகாரியைப் பலரும் பார்த்திருக்க அடித்துக் கொல்கிறான் வேலு. சாட்சி சொல்ல ஒருவரும் முன்வராத அந்தக் கணத்திலிருந்து அவன் வேலு நாயக்கராகிறான். மணிரத்னம் எழுதி இயக்கிய இப்படத்துக்குப் பாலகுமாரன் வசனம் தீட்டினார். இளையராஜாவுக்கு இது நானூறாவது படம். தாராவியின் பெரும்பகுதியைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவிலேயே எழுப்பினார். அவருக்கும், ஒளிப்பதிவு செய்த பி. சி. ஸ்ரீராமுக்கும், இளைஞனாகவும் முதியவனாகவும் நடித்த கமல்ஹாசனுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. கமலுக்கு அப்போது 32 வயதே என்பதை, தளர்ந்த தோளும் அடங்கிய குரலுமாக அந்த முதியவரைக் கண்டவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள்.

1972இல் கொப்போலா இயக்கிய 'தி கோட்ஃபாதர்' என்னும் அமெரிக்கப் படத்துக்கு இது கடன்பட்டது என்பது பகிரங்கமான விஷயம். எனினும் இரண்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு பேதம் உண்டு. அந்த அமெரிக்கப் படத்தின் கோர்லியோனே குடும்பத்தில் குற்றம் ஒரு குலத்தொழில். தந்தையின் ஆசனத்தில் மகன் வந்து அமர்கிறான். வேலுவோ அநாதை, குடும்பம் என்பதே அவனுக்குப் பிறர் இட்ட பிச்சை. ஆகவேதான் தன் சேரி முழுவதையும் அவன் குடும்பமாகக் கருதுகிறான். ஆகவேதான் தான் பெற்ற குடும்பத்தைக் காக்க அவனுக்குத் தெரியவில்லை.

இத்தகைய மனிதனை வெறும் கற்பனை படைத்துவிடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து பம்பாய் சென்று, விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிப் பிழைத்து, கள்ளச்சாராயத்தால் பெரும் செல்வாக்கடைந்த வரதராஜ முதலியாரின் சாயலே வேலு நாயக்கர். மாட்டுங்காவில் அவர் நடத்திய விநாயகர் விழாப் பந்தலுக்குப் பெருங்கூட்டம் திரளும். இராமநாதபுரத்துப் பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தானும் அதே நகரத்தில், அதே காலத்தில், கடல்வழிக் கடத்தலால் உயர்ந்தவர். இவர்களைத் தனிமனிதரின் துணிவோ தீக்குணமோ மாத்திரம் உண்டாக்கிவிட்டதென நான் எண்ணவில்லை. 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடிப்பவர் குறையவில்லை, ஆனால் காய்ச்சுபவனும், அவனிடம் மாதந்தோறும் பங்கு வாங்கும் காவலனும் பெருகினார்கள். 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. துறைமுகம் கடத்தற்காரனுக்குச் சுரங்கமாயிற்று. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னாட்டவரை வெளியேற்றக் கோஷமிட்டபோது, வாக்குரிமை இருந்தும் வாய் இல்லாத சேரித் தமிழனுக்கு, பொலிஸ் நிலையத்தைவிட வரதராஜனின் வாசற்படி கிட்டியதாக இருந்தது. லஞ்சம் என்பது நோட்டுக் கைமாறும் செயலோடு முடிந்துபோவதில்லை. அரசு செய்யவேண்டிய காரியத்தை எவனோ ஒருவன் தன் தயவாக வழங்கத் தொடங்கும்போதே அது முழுமை பெறுகிறது. சேரிக் குடிசைகளை இடித்த செல்வந்தரின் மாளிகைக்குள் வேலுவின் ஆட்கள் புகுந்து பொருள்களை உடைக்கும் காட்சியில் அந்தத் தயவின் கவர்ச்சி முழுவதையும் இயக்குநர் காட்டிவிடுகிறார், நாமும் கைதட்டிவிடுகிறோம்.

அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

நால்வருக்கு நன்மை விளையுமாயின் எதுவும் குற்றமன்று என்பது ஹுசைன் பாய் வேலுவுக்கு விட்டுச்சென்ற போதனை. முஸ்லிம் முதியவர் ஒருவர் தமிழ்ச் சிறுவனைத் தம் பிள்ளையாய் வளர்ப்பதைப் புட்டும் தேங்காய்ப்பூவும் போலத் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த எங்கள் பிரதேசத்தில் நெகிழாமல் பார்த்தவர் எவருமில்லை. ஆயினும் 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஏறாவூரிலும் அயற்கிராமங்களிலும் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் ஓர் இரவில் கொல்லப்பட்ட பின்னர், அந்தப் போதனையை எங்களால் பழைய செவிகொண்டு கேட்க முடியவில்லை. ஆயுதம் ஏந்தியவனே வழக்கையும் கேட்டுத் தண்டனையையும் விதிக்கும் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு, யார் அந்த நால்வர், அவர்களுள் சேராத ஐந்தாமவனின் கதி என்ன என்ற வினா தானாகவே எழும்.

படத்தில் அந்த வினாவை எழுப்புகிறவள் மகள் சாருமதி. எதிரிகளின் துப்பாக்கிக்குத் தாய் நீலா பலியாகிறாள். அண்ணன் சூர்யா தந்தையின் தொழிலிலேயே மாண்டுபோகிறான். அப்போது தந்தையின் எதிரில் நின்று, பிறரைத் தண்டிக்க உமக்கு அதிகாரம் தந்தவர் யார் என்ற பொருளில் கேட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். பின்னர் அவளைக் காணும்போது, தந்தையைப் பிடிக்க வந்த பாட்டீல் என்ற பொலிஸ் அதிகாரியின் மனைவியாக இருக்கிறாள். படத்தை விமர்சிப்போர் இதை ஒரு கிளைக்கதையாகவே கடந்துவிடுகின்றனர். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த ஒருவரால் அவ்வாறு கடந்துவிட முடியாது.

ஏனெனில் இங்கே குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது. முக்குவத் தமிழரின் கோயில் உரிமைகளும், முஸ்லிம்களின் பள்ளிவாசல் மரைக்காயர் பதவிகளும் அந்தக் குடிகளின்படியே வழங்கிவந்தன. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். மணமகன் அவள் வீட்டுக்கு வந்து வாழ்வான். மகள்மாருக்கு ஒவ்வொரு வீடாகக் கட்டி முடிப்பதற்குள் வாப்பாவின் ஆயுளே தீர்ந்துவிடுவதும் உண்டு. அந்த வழக்கத்தின் பாரத்தை நான் புகழ்ந்துரைக்கவில்லை. எத்தனையோ தந்தையரையும் சகோதரரையும் அது முறித்திருக்கிறது. ஆனால் அதிலே வளர்ந்த கண்ணுக்கு, வீட்டின் நிலைக்காலே மகள்தான் என்பது உபதேசமின்றியே விளங்கும். சாருமதி படியிறங்கிச் செல்லும் காட்சியில் எங்கள் உம்மம்மா, "பொண்புள்ள போன பொறகு அது என்ன ஊடு மனெ?" என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் படத்தைப் பார்க்காமல் எழுந்துவிட்டார். அவர் கேட்டதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் இன்றுவரை வாசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் கூரையாக நின்றவனுக்குத் தன் குருதியில் வந்தவளைத் தன் கூரையின்கீழ் இருத்திக்கொள்ளத் தகுதி இல்லாமற்போயிற்று.

தீயவர் எவருமே தம்மைத் தீயவரென்று எண்ணுவதில்லை. வேலு நாயக்கரோ, நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது தமக்குத் தெரியவில்லை என்கிறார். அந்த ஒரு விடையினாலேயே அவர் மதிப்புக்குரியவராகிறார் என்பது என் கருத்து. சாட்சி இல்லாமையால் நீதிமன்றம் அவரை விடுதலை செய்கிறது. ஆனால் தாம் கொன்ற கேல்கரின் மகன் அஜித்தை, சித்தம் வளராத அந்த அப்பாவியை, அவரே உதவிசெய்து வளர்த்திருந்தார். நீதிமன்ற வாசலில் அவனுடைய துப்பாக்கிக்கே அவர் இரையாகிறார்.

படம் வெளிவந்து மூன்று மாதம் நிறையுமுன், 1988 ஜனவரியில், வரதராஜ முதலியார் சென்னையில் காலமானார். பம்பாய்ப் பொலிஸாரின் நெருக்குதலால் அவர் அதற்கு முன்பே அந்நகரை விட்டு வந்திருந்தார். 2005இல் அமெரிக்காவின் 'டைம்' சஞ்சிகை உலகின் சிறந்த நூறு படங்களுள் ஒன்றாக 'நாயகன்' படத்தைச் சேர்த்தது. 38 ஆண்டுகளுக்குப் பின்னர், 2025இல், மணிரத்னமும் கமலும் 'தக் லைஃப்' படத்தில் மீண்டும் இணைந்தனர். பழைய படத்தின் வலிமை அதற்கு வாய்க்கவில்லை.

இன்றைய இளைஞர்கள் கைத்தொலைபேசியிலே இப்படத்தின் துண்டுக் காட்சிகளைப் பார்க்கிறார்கள். அவற்றிலே வேலு நாயக்கர் அடிக்கிறார், ஆணையிடுகிறார், வணங்கப்படுகிறார். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: படத்தை முழுமையாகப் பாருங்கள், தந்தையும் மகளும் எதிரெதிரே நிற்கும் காட்சி வரும்போது, ஒருமுறையேனும் சாருமதியின் பக்கம் நின்று கேளுங்கள்.