குடற் பரிசோதனை: மறுமுறை எப்போது?

சென்ற ஆவணியில் இறுப்பிட்டியில் என் சிறிய தாயார் வீட்டு முற்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் திருவிழாவுக்கு வந்திருந்த அவருடைய புதல்வர் இருவருமே வாதியும் பிரதிவாதியும். இருவரும் பெருங்குடற் புற்றுநோய் உண்டோவெனப் பரிசோதித்து, "ஒன்றுமில்லை" என்ற விடை பெற்றவர்கள். "இரண்டு வருசத்துக்கொருக்காச் செய்யவேணும்" என்றார் மூத்தவர். "பத்து வருசத்துக்குப் பயமில்லை, அண்ணை" என்றார் இளையவர். கல்லூரி ஆசிரியன் என்ற ஒரே தகுதியால் நான் நடுவனானேன்.

இருவர் கூற்றும் பிழையன்று. செய்த பரிசோதனைகள் வேறு. ஒன்ராறியோ மாகாணத்தில் 50 முதல் 74 வயது வரையுள்ளோருக்கு, கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் மலத்திற் கலந்துள்ளதா என்று 2 ஆண்டுக்கொருமுறை பார்க்கின்றனர். இங்கிலாந்திலும் அதே இடைவெளி, அமெரிக்காவிலோ ஆண்டுதோறும். குடலில் தோன்றும் முளைகள் நாள்தோறும் இரத்தம் கசிவனவல்ல. மாதிரி எடுத்த நாளிற் கசியாத முளை தப்பிவிடும். அடுத்த முறை அகப்படக்கூடும். ஆகவேதான் அதை அடிக்கடி செய்தல் வேண்டும்.

இளையவர் செய்துகொண்டது கொலனோஸ்கோபி. கமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்திக் குடற்சுவரை நேரிற் காண்பது அது. முளை காணின் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம். சிறு முளை புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டளவு செல்லும். எனவே, நன்கு கழுவப்பட்ட குடலை முழுமையாகப் பார்த்து ஒன்றுமில்லையெனின், அடுத்தது 10 ஆண்டின் பின். முதல்நாட் குடித்த பேதி மருந்தின் பெருமையை அவர் வருணித்தபோது, பத்தாண்டு விடுமுறையின் அருமை எங்களுக்கு விளங்கிற்று. சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரையொன்று, குடும்பத்தில் இந்நோய் இல்லாதவர்க்கு 15 ஆண்டும் போதுமாகலாம் என்கிறது.

"குடும்பத்தில் இல்லாதவர்க்கு" என்று நான் சொன்னதும், தேங்காய் திருவிக்கொண்டிருந்த சின்னம்மா தலை நிமிர்ந்தார். "கொப்பருக்கு மகரகமவிலை சொன்னது உதுதான். ஐம்பத்து நாலு வயதிலை."

பிள்ளைகளுக்கு அன்றுவரை அது "வயிற்றுப் புண்". நம்மவர் இந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் மகளுக்குச் சம்பந்தம் தடைப்படும் என்ற அச்சம் வேறு.

வழக்கின் போக்கே மாறிற்று. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருள் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் இந்நோய் கண்டிருப்பின், ஒன்ராறியோ விதிப்படி மலப் பரிசோதனை போதாது. கொலனோஸ்கோபியே வேண்டும், அதுவும் 5 ஆண்டுக்கொருமுறை. தொடங்குவது 50 வயதில், அல்லது உறவினருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 ஆண்டு முன்னர், எது முந்தியதோ அதில். மூத்தவரின் இரண்டும் இளையவரின் பத்தும் ஒருங்கே தள்ளுபடியாயின.

விடை நல்லதாக வந்தவர்க்கும் ஒரு விலக்குண்டு. மலத்தில் இரத்தம், மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமின்றி மெலிதல், இரத்தச்சோகை ஆகியன தோன்றின் ஆண்டுக் கணக்குப் பார்த்திருத்தல் ஆகாது. சென்ற மாதம் "ஒன்றுமில்லை" என்றிருந்தாலும் வைத்தியரிடம் போகவேண்டும்.

நான் கணக்கைச் சொல்லி முடித்தபோது எல்லோரும் குசினி வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தோம். அவளுக்கு வயது 44. ஊரிலேயே வாழ்பவள். ரொறன்ரோவிற்போல இங்கே வயதறிந்து அழைப்புக் கடிதம் வருவதில்லை. தானே போய்த் தகப்பனாரின் கதையைச் சொல்லவேண்டும்.

மறுநாட் காலை அவள் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினாள். சின்னம்மாவும் கூடப் போனார். வைத்தியர் கேட்பதற்கு விடை சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.