கொரியர் குழைத்துண்ணும் சோறு

சோறு முதன்மை உணவாயுள்ள நாடுகள் பலவற்றில், மிஞ்சிய சோற்றோடு மிஞ்சிய கறிகளைச் சேர்த்துக் குழைத்து உண்ணும் வழக்கம் உண்டு. நம்மவர் வீடுகளில் அது பிள்ளைகளைச் சுற்றி இருத்தி உருண்டை பிடித்துக் கொடுக்கும் குழையற்சோறு என்ற அளவில் நின்றுவிட்டது. கொரிய மக்களோ அதனை விருந்தாளியின் முன் வைக்கத் தக்கதோர் உணவாக உயர்த்தி, தம் நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகவும் ஆக்கிக்கொண்டனர். ‘பிபிம்பாப்’ என்பது அதன் பெயர். ‘பிபிம்’ எனின் குழைத்தல். ‘பாப்’ எனின் சோறு. 2004 ஆம் ஆண்டில் தொழிலாளரை அனுப்புவது பற்றி இலங்கைக்கும் தென் கொரியாவுக்கும் உடன்பாடு ஏற்பட்ட பின்னர் நம் நாட்டு இளைஞர் பலர் அங்கே வேலைக்குச் சென்றுள்ளனர். அவ்விளைஞரின் தாய்மாருக்கு இப்பெயர் முற்றிலும் புதிதாயிராது.

படங்களிற் பார்க்கும்போது இவ்வுணவு நம்மைச் சற்று அச்சுறுத்தவே செய்கிறது. பித்தளை போன்று மின்னும் வெண்கலக் கிண்ணத்தில் வெண்சோறு. அதன்மேற் பூவிதழ்கள் போலப் பச்சையும் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாய் ஏழெட்டு வகை மரக்கறிகள். நடுவே முட்டையின் மஞ்சட்கரு. ஒரு கிண்ணச் சோற்றுக்கு ஏழெட்டுக் கறி சமைப்பதாயின் எந்த வீட்டுக்காரிக்குத்தான் மனம் வரும்? ஆனால், கொரிய வீட்டுக்காரியும் அவ்வாறு சமைப்பதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அவளுடைய உணவறையில் முன்னைய நாளிலோ அதற்கு முந்திய நாளிலோ செய்து வைத்த மரக்கறிகள் சிறு சிறு கிண்ணங்களில் எப்பொழுதும் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எஞ்சியிருக்கும் நாளே குழையற்சோற்றுக்கு ஏற்ற நாள். படத்திற் காணும் அழகெல்லாம் உணவுச்சாலைக்காரர் பின்னர் சேர்த்த அலங்காரமே.

இவ்வுணவு எவ்வாறு தோன்றியது என்பது பற்றிக் கொரியர் பல கதைகள் சொல்வர். முன்னோருக்குப் படைத்த சோற்றையும் கறிகளையும் வழிபாடு முடிந்தபின் உறவினர் ஒன்றுகூடிக் குழைத்து உண்டதால் வந்தது என்பது ஒன்று. பழைய ஆண்டின் எச்சிலைப் புத்தாண்டுக்குள் கொண்டுசெல்லலாகாது என்று ஆண்டின் கடைசி இரவில் எல்லாவற்றையும் கலந்து தீர்த்தனர் என்பது மற்றொன்று. வயலில் நாற்று நடுவோருக்குப் பல பாத்திரங்கள் கொண்டுசெல்ல இயலாமையால் எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழுந்தன என்பது இன்னொன்று. நமக்கு இந்த மூன்றாவது கதையே மனத்துக்கு உகந்ததாயிருக்கிறது. எனினும் ஒன்றை மட்டும் உண்மையென்று நிலைநாட்டப் போதிய ஆதாரம் இல்லை.

எழுத்தில் உள்ள சான்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ‘சியுய்ஜொன்சொ’ என்னும் சமையல் நூல். இதனை எழுதியவர் பெயர் தெரியவில்லை. அந்நூலிற் சொல்லப்பட்ட முறைக்கும் இன்றைய முறைக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. அங்கே சோற்றை மிளகாய்த் தூள், எள்ளுப்பொடி, எண்ணெய் ஆகியவற்றோடு சமையலறையிலேயே குழைத்து முடித்து, அதன்மேல் முட்டைத் துண்டுகளை வைத்துக் கொண்டுவருகின்றனர். உண்பவர் தாமே குழைப்பதும், சிவந்த மிளகாய்க் கூழை இடுவதும் அதிற் கூறப்படவில்லை. “ஆயிரம் ஆண்டுகளாக மாறாத மரபு” என்று விளம்பரக்காரர் சொல்லும்போது நாம் இதனை நினைவிற் கொள்வது நல்லது. மேலும், மிளகாய் கொரியாவுக்குள் வந்ததே பதினாறாம் நூற்றாண்டின் இறுதியளவில்தான். 1614 ஆம் ஆண்டில் யி சு-குவாங் என்னும் அறிஞர் தொகுத்த நூலில் அதனைப் பற்றிய குறிப்பு உண்டு. நம் சமையலிலும் மிளகாய் வந்தேறிதானே!

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. இன்று வீணாகுமளவுக்குச் சோறு மலிந்துள்ள அந்நாட்டிலே, வெண்சோறு கனவாயிருந்த காலம் மிகப் பழையதன்று. இலையுதிர்காலத்தில் அறுத்த நெல் இளவேனிலில் தீர்ந்துவிடும். பார்லியோ கோடை தொடங்குமுன் முற்றாது. இடைப்பட்ட அந்தப் பசிக்காலத்தைக் கடப்பது மலைக் கணவாய் ஒன்றைக் கடப்பது போலக் கடினமாயிருந்தமையால், ‘பார்லிக் கணவாய்’ என்றே அதற்குப் பெயரிட்டனர். 1950 முதல் 1953 வரை நடந்த போர் இந்த வறுமையை மேலும் பெருக்கிற்று. பின்னர் 1960களிலும் 1970களிலும் அரிசியைச் சிக்கனஞ் செய்ய அரசு கடும் முறைகளைக் கையாண்டது. பள்ளிக்கூடத்தில் மாணவரின் உணவுப் பெட்டியை ஆசிரியர் திறந்து பார்த்து, சோற்றிற் பார்லி கலந்திருக்கின்றதா என்று பரிசோதித்த காலம் அது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு உருவாக்கிய ‘தொங்கில்’ என்னும் நெல்லினம் 1970களிற் பரவிய பின்னரே, 1977 அளவில் அரிசியில் அந்நாடு தன்னிறைவு கண்டது.

அக்காலத்துக் குழையற்சோற்றில் வெண்கலக் கிண்ணமும் இல்லை, இறைச்சியும் இல்லை. பார்லிச் சோறு, இளமுள்ளங்கி இலையின் ஊறுகாய், ஒரு கரண்டி மிளகாய்க் கூழ். பெரிய தகர வட்டிலொன்றில் இவற்றை இட்டுத் தாய் குழைக்க, வீட்டார் எல்லாரும் சுற்றியிருந்து தத்தம் கரண்டியால் அள்ளி உண்டனர். இன்று அந்தத் தகர வட்டிற் சோறு பழமையை நினைந்து ஏங்குவோருக்கென உணவுச்சாலைகளில் விலைக்கு விற்கப்படுகிறது. 1970 இல் ஆளொருவர் ஆண்டுக்கு 136 கிலோ அரிசி உண்ட அந்நாட்டில், 2023 இல் அது 56 கிலோவாகக் குறைந்துவிட்டது. குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவர் மட்டுமே வாழும் வீடுகள். மரக்கறிகளைச் சமைத்து வைக்கும் வீடு அருகிவிட்டால், மிச்சத்தைக் குழைக்கும் வழக்கம் எங்ஙனம் நிலைக்கும்? கடையில் ஏழு மரக்கறிகளையும் சிறு பொதிகளாக வாங்கி வந்து, ‘மிச்ச’ உணவை விலை கொடுத்து ஆக்கும் நிலையும் அங்கே வந்துவிட்டது.

ஊருக்கு ஊர் இவ்வுணவு வேறுபடும். வட ஜொல்லா மாகாணத்திலுள்ள ஜொன்ஜு நகரமே இதற்குப் பேர்போனது. 2012 இல் யுனெஸ்கோ அந்நகரைச் சிறந்த உணவு நகரங்களின் வரிசையிற் சேர்த்தது. மாட்டெலும்புச் சாற்றில் வேகவைத்த சோறு, சோயா முளை, மஞ்சள் நிறமூட்டிய பயற்றங்களி ஆகியவை அவ்வூர்ச் சிறப்பு. தெற்கே ஜின்ஜுவில் பச்சை இறைச்சியைச் சேர்த்து, ‘பூச்சோறு’ என்று அழைப்பர். நம் வாசகரிற் பலருக்கு இவை ஒவ்வா. அதனால் இழப்பும் இல்லை. கொரியாவின் புத்த மடங்களில் இறைச்சியின்றியே இது செய்யப்படுகிறது. அம்மடத்தார் வெங்காயம், உள்ளி முதலிய காரமணப் பண்டங்கள் ஐந்தையும் விலக்குவர். ஐந்தாவதாகப் பழைய நூல்கள் கூறும் பண்டம் யாதென்றால், நமது பெருங்காயம்! அந்நாட்டுச் சமையலில் பெருங்காயம் வழங்குவதில்லை. இல்லாத பொருளையும் விலக்கி வைத்திருக்கும் அந்த ஒழுக்கத்தை மெச்சத்தான் வேண்டும்.

இனி, வீட்டிற் செய்யும் முறையைப் பார்ப்போம். நால்வருக்கு 400 கிராம் அரிசி போதும். கொரியர் பயன்படுத்துவது குறுகிய மணியுள்ள, ஒட்டுந்தன்மை வாய்ந்த அரிசி. அது கிடையாவிடின் புழுங்கலை விடுத்துப் பச்சையரிசியை எடுத்துக்கொள்க. கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து, அளந்த தண்ணீரில் மூடி வேகவிட வேண்டும், கஞ்சி வடிக்கலாகாது. வெந்தபின் அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடியைத் திறவாதிருத்தல் நன்று.

மரக்கறிகளுக்குக் கொரியர் ‘நாமுல்’ என்று பெயர் சொல்வர். இவற்றில் உள்ள நுட்பம் ஒன்றே: ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாச்சியிற் கொட்டி வதக்கினால் நேரம் மிஞ்சும். ஆனால் சுவை ஒன்றாகிவிடும். வாயில் ஒரு முறை கீரையும், மறுமுறை முளையும், பின்னொரு முறை கரட்டும் தனித்தனியே தோன்றி மறைவதே இந்த உணவின் இன்பம். ஆதலால் இதில் மட்டும் சோம்பலுக்கு இடங்கொடுத்தலாகாது.

கீரை 250 கிராம் எடுத்து, உப்பிட்ட கொதிநீரில் அரை நிமிடம் மட்டும் அமிழ்த்தி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலச வேண்டும். பின் இரு கைகளாலும் நன்றாகப் பிழிக. பிழிவதிற் கருமித்தனம் காட்டினால் சோறு சதசதத்துவிடும். பிழிந்ததை உதிர்த்து, சிறிது உப்பு, அரைத்த உள்ளி ஒரு பல், எள்ளெண்ணெய் ஒரு தேக்கரண்டி, வறுத்த எள்ளு ஒரு சிட்டிகை சேர்த்துக் கையாலேயே பிசைய வேண்டும். கரண்டி கூடாது. ‘கைச்சுவை’ என்ற பொருளில் ஒரு சொல்லே அவர்கள் மொழியில் உண்டு. நாம் கைப்பக்குவம் என்பதை ஒத்தது அது.

அடுத்தது முளை. அவர்கள் பெரும்பாலும் சோயா அவரையின் முளையை எடுப்பர். அதனை வேகவைக்கும்போது பாத்திரத்தை முதலிலிருந்து இறுதிவரை மூடியே வைக்க வேண்டும். அல்லது இறுதிவரை திறந்தே வைக்க வேண்டும். இடையில் மூடியைத் திறந்து பார்த்தால் பச்சை நாற்றம் தங்கிவிடும் என்பது கொரியத் தாய்மார் மகளிருக்குக் கூறும் முதற் பாடங்களுள் ஒன்று. பாசிப்பயற்று முளையாயின் இத்தொல்லை இல்லை; ஒரு நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்தாற் போதும். அதையும் அவர்கள் விரும்பி உண்பதால், நாம் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பிசையும் முறை கீரைக்குக் கூறியதே.

கரட் ஒன்றை நெருப்புக்குச்சி பருமனில் அரிந்து, சிறிது எண்ணெயிலும் உப்பிலும் இரண்டு நிமிடம் வதக்குக. பிஞ்சு வெள்ளரியை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, உப்பிற் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து அதேபோல் வதக்கலாம். காளான் 150 கிராமைச் சோயா ரசமும் ஒரு சிட்டிகைச் சீனியும் சேர்த்து நீர் வற்றும்வரை வதக்க வேண்டும். மலைப்பன்னத்தின் இளந்தளிரும் மணிப்பூச்செடியின் கிழங்கும் அங்கே வழங்குவன. பன்னத்தளிரை நச்சு நீங்க ஊறவைத்து, அவித்து, மீண்டும் ஊறவைக்க வேண்டியிருப்பதால், அதைப் பழகாதவர்கள் தொடாதிருத்தலே நன்று. பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்ற ஐந்து நிறங்களும் ஐந்து திசைகளுக்கும் ஐந்து மூலப்பொருள்களுக்கும் உரியன என்பது அவர்கள் கொள்கை. கரட்டும் கீரையும் முளையும் காளானும் முட்டையும் சேர்ந்தாலே ஐந்தும் நிறைந்துவிடுகின்றன.

எண்ணெய் பற்றி ஒரு சொல். கொரியர் எள்ளை நன்றாக வறுத்த பின்னரே ஆட்டுகின்றனர். ஆகவே அந்த எண்ணெய் கபில நிறமாய், மிகுந்த மணத்தோடு இருக்கும். நமது நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து வருவது. அதன் மணம் வேறு. நல்லெண்ணெயைப் பயன்படுத்துவோர் ஒரு மேசைக்கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்து இடித்துச் சேர்த்துக்கொண்டால் அந்த வேறுபாடு பெரிதும் குறையும்.

சுவைக்கூழே இதன் உயிர். ‘கொச்சுஜாங்’ என்னும் அந்தக் கூழ், மிளகாய்த் தூள், ஒட்டரிசி மா, புளிக்கவைத்த சோயா மா, முளைகட்டிய பார்லி, உப்பு ஆகியவற்றைக் கலந்து மட்சாடியில் மாதக்கணக்காக வெயிலில் முற்றவைப்பது. இத்தகைய கூழ்களை ஆக்கும் அறிவை 2024 இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது. கூழ் மூன்று மேசைக்கரண்டி, எள்ளெண்ணெய் ஒன்று, தண்ணீர் ஒன்று, சீனி ஒரு தேக்கரண்டி கலந்தால் நால்வருக்குப் போதும். இது கிடைக்காதபோது மிளகாய்ச் சம்பலை இட்டு ஒப்பேற்றுவது முறையன்று. காரம் இருக்கும்; ஆனால் புளிப்பும் இனிப்பும் கலந்த அந்த முதிர்ச்சி இராது. அதனினும் நல்ல வழியொன்று கொரியாவிலேயே இருக்கிறது. அன்டொங் என்னும் ஊரார், படையலுக்குரிய உணவில் மிளகாயும் உள்ளியும் சேர்ப்பதில்லை. எனவே படையற் கறிகளையும் சோற்றையும் சோயா ரசத்தால் மட்டுமே குழைப்பர். படையல் இல்லாத நாளிலும் அச்சுவையை விரும்பி ஆக்கியதால் அதற்குப் ‘பொய்ப்படையற் சோறு’ என்று பெயர். கூழ் கிடையாதவர்கள் உள்ளியையும் நீக்கி, இரண்டு மேசைக்கரண்டிச் சோயா ரசத்தோடு எள்ளெண்ணெயும் எள்ளும் கலந்து இட்டால், அது கலப்படமன்று. அன்டொங் முறையே ஆகும்.

கல்லாற் கடைந்த கனத்த பாத்திரத்தைச் சூடாக்கி, அதிற் சோற்றை இட்டு அடியிற் பொருக்குப் பிடிக்கவைப்பது இன்னொரு வகை. அப்பாத்திரம் இல்லாதோர் இரும்புத் தாச்சியில் எள்ளெண்ணெய் பூசி, சோற்றை மெல்ல அழுத்திப் பரப்பி, மிதமான நெருப்பில் ஐந்தாறு நிமிடம் வைக்கலாம். சடசடவென்ற ஒலி கேட்டதும் மரக்கறிகளை வட்டமாக அடுக்கி, பொரித்த முட்டையை நடுவில் வைத்து இறக்க வேண்டும். குழைக்கும்போது சோற்றை நசுக்காமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டுக. கூழை முழுவதும் ஒரேயடியாகக் கொட்டாமல், சிறுவருக்குக் குறைத்தும் பெரியோருக்குக் கூட்டியும் இடலாம். அரைகுறையாகக் குழைத்து அழகைப் பேணுவோரும் உளர். அவர்கள் உண்பது சோறும் கறியும், இதுவன்று.

கீரையும் முளையும் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் வைத்தலாகாது. உண்டு முடிந்தபின் தாச்சியின் அடியில் ஒட்டிய பொருக்கைச் சுரண்டி எறியாமல், கொதிநீர் ஊற்றிச் சிறிது நேரம் மூடி வைப்பர். பொருக்கு இளகி, தண்ணீர் பொன்னிறமாகும். அதனைச் சூடாகவே கிண்ணங்களில் ஊற்றி, உப்பும் சேர்க்காமல் உணவின் முடிவில் அருந்துவர்.