தொப்புள்கொடி ரத்தம்: காசு கட்டிச் சேமிக்கத்தான் வேண்டுமா?

எங்கள் தஞ்சைப் பக்கத்தில், குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவது வழக்கம். இப்போதோ, கொடியிலுள்ள ரத்தத்தையே சேமித்து வைத்தால் பின்னாளில் பிள்ளையின் உயிரைக் காக்கும் என்று தனியார் வங்கிகள் சொல்கின்றன. சங்கிலியை அடகு வைத்தாவது கட்டிடலாமா என்று தவிக்கும் இளம் தாய்மார்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த ரத்தத்தில் புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மை. 1988-ல் பாரிஸில் டாக்டர் எலியான் குளுக்மன், ஃபான்கோனி ரத்தசோகை கண்ட ஒரு சிறுவனுக்குக் கொடி ரத்தம் செலுத்திக் குணப்படுத்தினார். ஆனால் அது அவன் தங்கை பிறந்தபோது எடுத்த ரத்தம், அவனுடையதல்ல! தாலசீமியா போன்ற பரம்பரை நோயானால், சொந்த ரத்தத்திலும் அதே கோளாறுதானே இருக்கும்? நோய் கண்ட வயல் நெல்லையே விதைக்குக் கோட்டை கட்டி வைத்த கதைதான்.

தனக்கே பின்னால் உதவும் என்று சேமிக்க அறிவியல் ஆதாரமில்லை என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலும் சொல்கிறது.

மூத்த குழந்தைக்குத் தாலசீமியாவோ ரத்தப் புற்றுநோயோ இருந்தால் விஷயம் வேறு. பிரசவத்துக்கு முன்பே டாக்டரைக் கலந்துகொள்ளுங்கள்.

மற்றவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அவசரம் ஏதுமில்லையென்றால், குழந்தை பிறந்து ஒரு நிமிஷமாவது பொறுத்துக் கொடியை வெட்டச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. அந்த ரத்தம் குழந்தையின் உடம்புக்கே போய், இரும்புச்சத்துக் குறையாமல் காக்கும்.